சின்ன வித்தியாசத்தை விட்டுவிடாதீர்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், சமுதாயக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டி.வி.யை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் முதலில் நன்றி. அன்றாட வாழ்க்கையில் மன அழுத்தத்தின் அறிகுறிகளை எப்படித் தெரிந்துகொள்வது என்று பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டார். "சி பிளாக்கில் டாக்டர் இருக்காரே, அவரைக் கேளுங்களேன்" என்றேன். "டாக்டர் பேசினா எல்லாரும் தலையாட்டிட்டுப் போயிடுவாங்க சார். நீங்க பட்டதைச் சொல்லுங்க" என்றார்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 1983-இல் ஒரு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன், 2018-இல் கிளார்க்காகவே ஓய்வு பெற்றேன். நான் சொல்லப்போவதில் மருத்துவம் சம்பந்தப்பட்ட இடங்களை அதே சி பிளாக் டாக்டரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். மீதி என் வீட்டுக் கதை. அதைச் சொல்ல என் மனைவியிடம் அனுமதியும் வாங்கியிருக்கிறேன். அதோ மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். தப்பாகச் சொன்னால் திருத்துவார்.

எனக்குத் தெரிந்த தொழிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் லெட்ஜர்களைக் கையால் கூட்டி டேலி செய்வோம். ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு 10 ரூபாய் வித்தியாசம் வந்தது. நான் சேர்ந்த புதிது. "பத்து ரூபாய்தானே சார், என் கையிலிருந்து போட்டுவிடுகிறேன்" என்றேன். எங்கள் ஹெட் கிளார்க் சிரித்தார். "பத்து ரூபாய் முக்கியம் இல்லப்பா. அது எதை மறைக்குதுங்கிறதுதான் முக்கியம்" என்றார். தேடினோம். பத்தரை மணிக்குக் கிடைத்தது. ஒரு பக்கம் 5,000 ரூபாய் வரவு விட்டுப்போயிருந்தது. இன்னொரு பக்கம் 4,990 ரூபாய் பற்று விட்டுப்போயிருந்தது. இரண்டு பெரிய தப்புகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு, வெளியே பத்து ரூபாயாகத் தெரிந்தன.

மன அழுத்தமும் இப்படித்தான் வெளியே தெரிகிறது. உள்ளே இருப்பது பெரிது, வெளியே காட்டுவது சின்ன வித்தியாசம். தூங்குகிற நேரம் மாறும், பேசுகிற தொனி மாறும், சாப்பிடுகிற அளவு மாறும். "இது ஒரு விஷயமா" என்று விட்டுவிடுகிறோம். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். யாருடைய அறிகுறியையும் அடுத்தவரோடு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். அந்த ஆளின் பழைய வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொதுவாகவே குறைவாகப் பேசுகிறவர் இன்றும் குறைவாகப் பேசினால் அதில் ஒன்றுமில்லை. கலகலப்பாகப் பேசுகிறவர் மூன்று வாரமாகப் பேசாமல் இருந்தால் அது வித்தியாசம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஹான்ஸ் செலியே என்ற விஞ்ஞானி, கனடாவின் மான்ட்ரியல் நகரில் வேலை பார்த்தவர். 1936-இல் 'நேச்சர்' என்ற ஆய்விதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். எலிகளுக்குக் குளிர், காயம், அளவுக்கு மீறிய ஓட்டம் என்று விதவிதமாகத் தொல்லை கொடுத்துப் பார்த்தார். தொல்லை எதுவானாலும் உடம்பு காட்டிய மாற்றங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. அவர் அதை மூன்று கட்டமாகப் பிரித்தார். முதலில் உடம்பு அபாய மணி அடிக்கிறது. அடுத்து எதிர்த்து நிற்கிறது. தொல்லை நீண்டுகொண்டே போனால் கடைசியில் களைத்து விழுகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது நடுக் கட்டம். அந்தக் கட்டத்தில் ஆள் நன்றாகச் சமாளிப்பது போலவே தெரியும். வேலை நடக்கும், சமையல் நடக்கும், ஸ்கூல் வேனுக்கும் நேரத்துக்கு அனுப்புவார். ஆனால் சிறுநீரகத்தின் மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் சுரந்துகொண்டே இருக்கும். பரீட்சைக்கோ, தெரு நாய் துரத்தும்போது ஓடுவதற்கோ இவை வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு வந்து போனால் நல்லது. மாதக்கணக்கில் ஓயாமல் சுரந்தால்தான் தூக்கம், ஜீரணம், ரத்த அழுத்தம், ஞாபகம் எல்லாம் கெடுகின்றன.

இப்போது என் கதை. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்பதாம் தேதி வங்கிகள் மூடியிருந்தன. பத்தாம் தேதி நான் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தேன். ஷட்டரைத் திறப்பதற்கு முன்பே வரிசை தெருமுனை வரை நின்றது. டிசம்பர் 30 வரை என் வாழ்க்கையில் நோட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஒருநாள் கேஷில் 4,000 ரூபாய் குறைந்தது. கேஷில் குறைந்தால் கேஷியர்தான் கட்ட வேண்டும். கட்டினேன். அன்றிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் உரசிக்கொண்டே இருக்கும், எதையோ எண்ணுகிற மாதிரி. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வரும். வாசல் கதவைப் பூட்டினோமா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். திரும்பி வந்து படுத்தால் மறுபடியும் சந்தேகம் வரும். ரசத்தில் உப்பு குறைவு என்று ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். காலேஜில் படித்துக்கொண்டிருந்த மகள், "அப்பா, நீங்க இப்படி இல்லையே" என்றாள். அவளையும் திட்டினேன்.

எனக்கு ஸ்ட்ரெஸ் என்று ஒருநாள்கூட நான் நினைத்ததில்லை. 'வேலை ஜாஸ்தி' என்றுதான் நினைத்தேன். ஜனவரியில் தாடை வலி தாங்காமல் பல் டாக்டரிடம் போனேன். வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "ராத்திரி பல்லைக் கடிக்கிறீங்களா? கடைவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சிருக்கே. என்ன கவலை உங்களுக்கு?" என்று கேட்டார். வீட்டில் மூன்று பேர் பார்த்தும் நான் ஒத்துக்கொள்ளாததைப் பல் சொல்லிக் கொடுத்துவிட்டது. நம் மகள் சொன்ன 'நீங்க இப்படி இல்லையே' என்பதுதான் சரியான அறிகுறி. அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்ததே, அது இன்னொரு அறிகுறி.

பொதுவாகக் கவனிக்க வேண்டியவற்றை நான்கு தலைப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவது, உடம்பு. அடிக்கடி தலைவலி, கழுத்தும் தோளும் இறுகிக் கிடப்பது, வயிற்றுக் கோளாறு, நெஞ்சு படபடப்பு, தூக்கம் வராமல் புரள்வது, விடியற்காலை விழித்து மறுபடி தூங்க முடியாமல் இருப்பது. பசியே இல்லாமல் போகலாம், அல்லது டப்பாவில் இருக்கும் முறுக்கு தீருகிற வரைக்கும் கை நிற்காமல் இருக்கலாம்.

இரண்டாவது, புத்தி. எதற்கு ஃப்ரிட்ஜைத் திறந்தோம் என்று நிற்பது, ஒரே பக்கத்தை மூன்று தடவை படிப்பது, சின்ன முடிவுகூட எடுக்க முடியாமல் தள்ளிப் போடுவது.

மூன்றாவது, நடத்தை. காபி இரண்டிலிருந்து ஐந்தாவது. சிகரெட்டும் குடியும் கூடுவது. படுக்கையில் ஒரு மணி வரை போனைத் தள்ளிக்கொண்டே இருப்பது. பிடித்த வேலையைக் காரணம் சொல்லாமல் நிறுத்திவிடுவது.

நான்காவது, பழக்கம். மற்றவர்களோடு நாம் பழகுகிற விதத்தைச் சொல்கிறேன். இதற்கு நம் அபார்ட்மெண்ட்டில் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. நம் வாட்ஸ்அப் குழுதான். சிரிக்காதீர்கள். பொருளாளராக இருந்தபோது ராத்திரி 11.40-க்கு பார்க்கிங் விஷயமாக ஒருவருக்கு நான் போட்ட பதில் இன்னும் அங்கே கிடக்கிறது. மறுநாள் காலையில் படித்தபோது எனக்கே கூசியது. மேல்வீட்டில் நாற்காலி இழுக்கிற சத்தம் பத்து வருஷமாக இருக்கிறது. இந்த மாதம் மட்டும் அது பொறுக்க முடியாமல் போனால், நாற்காலியைப் பற்றிப் புகார் கொடுப்பதற்கு முன்னால் நம்மை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

வயதுக்குத் தகுந்தபடி இது வேஷம் மாறும். குழந்தைகளுக்கு மனசு சரியில்லை என்று சொல்லத் தெரியாது, வயிறு வலிக்கிறது என்றுதான் சொல்வார்கள். திங்கட்கிழமை காலையில் வருகிற வயிற்று வலி சனி, ஞாயிறில் வராவிட்டால் கவனியுங்கள். நகம் கடிப்பதையும், நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி வருவதையும் கவனியுங்கள். ஐ.டி.யில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே முகம் மாறிவிடும். என் வயதுக்காரர்கள் தனிமையை முழங்கால் வலியாகச் சொல்வார்கள். வலி பொய் இல்லை, ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை.

இனி நான் தயங்கித் தயங்கி எழுதிய பகுதிக்கு வருகிறேன்.

என் அம்மாவுக்கு 2019-இல் மறதி நோய் என்று தெரிந்தது. அப்போது அவருக்கு 84 வயது. ராத்திரியில் எழுந்து, "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் தட்டுவார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாமே என் மனைவிதான். நான் ஓய்வு பெற்று வீட்டில்தான் இருந்தேன். ஆனால் சங்கத்தின் பொருளாளர் வேலை, நடைப்பயிற்சி, பேப்பர் என்று எனக்கு நேரம் சரியாக இருந்தது. அம்மாவைப் பெண்கள்தான் பார்க்க முடியும் என்று எனக்கு நானே ஒரு விதியும் போட்டுக்கொண்டேன்.

என் மனைவி சமைக்கும்போது மெதுவாகப் பாடுவார். அது நின்றுவிட்டது. சாயங்காலம் மற்ற பெண்களோடு கீழே நடக்கப் போவார். அதுவும் நின்றது. வாரத்தில் இரண்டு தடவை பால் பொங்கி வழிந்தது. நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தார். மொட்டைமாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனால் முக்கால் மணி நேரம் ஆயிற்று.

நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பாட்டு நின்றதற்கு 'வயசாச்சு' என்றேன். பால் பொங்கியதற்கு 'மறதி' என்றேன். மாடியில் நேரம் ஆனதற்கு 'யாரோடோ பேச்சு' என்றேன். வங்கியில் கணக்கு விளங்காத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். சீக்கிரம் விசாரித்து நேர் செய்ய வேண்டும், விட்டுவைத்தால் ஆடிட்டர் கேட்பார். முப்பத்தைந்து வருஷம் அதைச் செய்தவன், வீட்டில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக சஸ்பென்ஸில் போட்டுவிட்டு மறந்துவிட்டேன். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கவே இல்லை.

கூட்டிப் பார்த்தவர் ஐந்தாவது மாடியில் இருக்கும் ஒரு டீச்சர். ஒருநாள் ஐந்தாவது மாடிக்கும் மொட்டைமாடிக்கும் நடுவில் இருக்கிற படிக்கட்டில், துணிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். அவர் பதறவும் இல்லை, ஏன் எதற்கு என்று கேட்கவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் மனைவியே சொன்னாராம்: "இங்க உட்கார்ந்தா யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க டீச்சர்."

மறுநாள் அந்த டீச்சர் என்னிடம் வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். அக்கா தினமும் அங்க தனியா உட்கார்றாங்க. நேத்து அழுதாங்க. நீங்க ஒரு தடவை பேசிப் பாருங்க" என்றார். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது கோபம்தான். நம் வீட்டு விஷயம் படிக்கட்டு வரை போய்விட்டதே என்று. அன்று ராத்திரி அம்மா கதவைத் தட்டினார். அப்போது மனைவி எழுந்து போன விதத்தைப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். அப்போதுதான் எனக்குக் கூட்டுத்தொகை தெரிந்தது.

டாக்டரிடம் கூட்டிப் போனோம். ரத்த அழுத்தம் அதிகம், ஹீமோகுளோபின் குறைவு. அதற்கு மருந்து கொடுத்தார். மனநல ஆலோசகர் ஒருவரையும் பார்க்கச் சொன்னார். என்னைத் தனியாக அழைத்து, "மருந்து பாதிதான் சார். மீதி உங்க கையில" என்றார். அன்றிலிருந்து ராத்திரி முறை என்னுடையது. அம்மாவைக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டேன். போட்டு வைத்திருந்த விதி ஒரே நாளில் காணாமல் போனது. தங்கை மாதத்தில் ஒரு வாரம் வந்து இருந்தாள். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஆறரை வரை என் மனைவி வீட்டில் இருக்கக்கூடாது என்று ஏற்பாடு. 2022-இல் அம்மா காலமானார். அதற்குச் சில மாதம் முன்பே ஒருநாள் சமையலறையிலிருந்து முணுமுணுப்பாகப் பாட்டுக் கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவார்.

இதிலிருந்து நான் கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன்.

அழுத்தத்தில் இருப்பவருக்கு அது கடைசியில்தான் தெரியும். முதலில் பார்ப்பவர்கள் வீட்டில் இருப்பவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான். ஆனால் பார்த்தால் மட்டும் போதாது, கேட்கத் தெரிய வேண்டும். மூன்று வாக்கியங்களைத் தவிர்த்துவிடுங்கள். "டென்ஷன் ஆகாதே." "உனக்கு என்ன குறை?" "எங்க காலத்துல நாங்க படாததா?" இவற்றுக்குப் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். "நாலு நாளா நீ சரியாத் தூங்கலை, கவனிச்சேன்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். பதில் உடனே வராது. இரண்டு நாள் கழித்து வரும். "ஏதாவது உதவி வேணுமா" என்று பொதுவாகக் கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்" என்பார்கள். "நாளையிலிருந்து பிள்ளையை பஸ் ஏத்திவிடுறது என் வேலை" என்று ஒரு வேலையைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. எல்லாவற்றுக்கும் ஸ்ட்ரெஸ் என்று பெயர் வைத்துவிடவும் கூடாது. தைராய்டு கோளாறு, ரத்தசோகை, சர்க்கரை எல்லாமே களைப்பு, படபடப்பு, எரிச்சல் என்று இதே முகத்தோடு வரும். முதலில் டாக்டரிடம் பரிசோதனை. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கை அல்லது தாடைக்குப் பரவுகிற வலி, வியர்வை என்றால் 'டென்ஷன்தான்' என்று சோடா குடித்துக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

பரிசோதனையில் ஒன்றும் இல்லை, ஆனால் தூக்கமின்மையோ சோர்வோ எதிலும் பிடிப்பில்லாத நிலையோ இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10-இல் தொடங்கியது. எண் 14416. கட்டணம் இல்லை, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். "நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நிம்மதி" என்று யாராவது விளையாட்டாகச் சொன்னாலும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். உடனே உதவிக்கு அழையுங்கள்.

வீட்டுப்பாடம் ஒன்றும் தருகிறேன். பழைய டயரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாள், படுக்கப் போகும் முன் நான்கே வரி எழுதுங்கள். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினேன், இன்று உட்கார்ந்து சாப்பிட்டேனா, யார்மேல் எதற்குக் கோபப்பட்டேன், உடம்பில் எங்கே வலி. இரண்டு நிமிஷ வேலை. பதினைந்தாம் நாள் மொத்தமாகப் படியுங்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது தெரியாதது சேர்த்துப் பார்க்கும்போது தெரியும். துணிச்சல் இருந்தால் அதை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, "இது சரியா?" என்று கேளுங்கள். என் டயரியில் 'கோபம் இல்லை' என்று எழுதியிருந்த மூன்று நாட்களை என் மனைவி அடித்துத் திருத்தினார்.

முடிக்கும் முன் ஒன்று. நம் கேட்டில் இருக்கும் காவலாளிகள் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறார்கள். மாற்று ஆள் வராத நாளில் அதற்கும் மேலே. தினமும் நமக்கு வணக்கம் சொல்கிறவர் ஒருநாள் சொல்லவில்லை என்றால், மரியாதை குறைந்துவிட்டது என்று கமிட்டிக்கு எழுதுவதற்கு முன்னால், "என்னப்பா, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேளுங்கள். லிஃப்டில் போகிற நமக்குப் படிக்கட்டு தெரிவதில்லை. வாரத்தில் ஒருநாளாவது படியேறிப் போங்கள். முழங்காலுக்கு டாக்டர் அனுமதித்தால்தான். யாராவது உட்கார்ந்திருந்தால், அவசரப்பட்டு எதுவும் கேட்க வேண்டாம். பக்கத்தில் இடம் இருந்தால் உட்காருங்கள்.

 ஐந்தாவது மாடி டீச்சருக்கு அன்று சொல்லாத நன்றியை இன்று சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன். வெளியே சுண்டலும் காபியும் இருக்கிறது.